ரூபன் அடித்த பந்தும் நான் எறிந்த தொப்பியும்

மில்வாக்கி,
ஏப்ரல், ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள தங்கை பெர்னடெட்டுக்கு,

உன் அண்ணன் கிளாரன்ஸ் எழுதிக்கொள்வது. நானும் உன் அண்ணி லொரேனும் சௌக்கியம். நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சிகாகோவில் சௌக்கியமாக இருக்க ஆண்டவர் அருள்புரியட்டும். உங்கள் ஊர் பேஸ்பால் அணியைப் பற்றி அவரிடம் நான் எதுவும் கேட்கவில்லை. அவராகப் பார்த்து ஏதாவது செய்தால் தடுக்கவும் மாட்டேன்.

இந்தக் கடிதத்துக்கு முன்னாலோ பின்னாலோ உனக்கு ஒரு பார்சல் வரும். உள்ளே ஒரு பந்து இருக்கும். ஏன் என்று சொன்னால் சிரிப்பாய். சிரி. ஊரே சிரித்தாகிவிட்டது, கூடப் பிறந்தவள் நீ மட்டும் ஏன் பாக்கி இருக்க வேண்டும்?

இந்த வருடம் ஆட்டத்தில் கடிகாரம் வைத்துவிட்டார்கள் அல்லவா, பந்து வீசுகிறவன் பதினைந்து நொடிக்குள் வீசியாக வேண்டுமாம். முன்பெல்லாம் அவன் வானத்தைப் பார்ப்பான், துப்புவான், அடிக்கிறவன் கையுறையை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டுவான், அந்த இடைவெளியில் நான் என் சடங்கை நிம்மதியாகச் செய்துகொண்டிருந்தேன். தொப்பியைக் கழற்றி ஒரு சுற்று சுற்றி, பக்கத்து இருக்கை ஹார்லனின் இடது தோளைத் தொட்டு, பியரை ஒரு வாய் குடித்து, "ரூபன், பார்த்துக்கப்பா!" என்று, அடிக்கிறவனுக்குப் பின்னால் குந்தியிருந்து பந்தைப் பிடிக்கிற நம் கேட்சரை வேண்டிக்கொண்டு தொப்பியைத் திரும்பப் போடுவேன். ஒன்பது வருடமாக, ஒவ்வொரு பந்துக்கும். நாம் ஜெயித்த ஆட்டமெல்லாம் அதனால்தான் ஜெயித்தோம். தோற்ற ஆட்டங்களுக்கு வேறு காரணங்கள் உண்டு.

பதினைந்து நொடிக்குள் அத்தனையும் நடக்குமா? குளிர்காலம் முழுக்க அடுக்களையில் பயிற்சி. ஹார்லனின் தோளுக்குப் பதில் ஃபிரிட்ஜ் கைப்பிடி. லொரேன் முட்டை வேகவைக்கும் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். "பியரை விட்டுடு கிளாரன்ஸ், பாதி நேரம் மிச்சமாகும்" என்றாள். "பியரை விட்டா அது வெறும் கூச்சல்தானே?" என்றேன். "அப்ப சீக்கிரம் முழுங்கித் தொலை!" இரண்டு சட்டையை நாசம் செய்து ஒருவழியாகத் தேறினேன். அந்த நேரம் பார்த்து ரூபனை உங்கள் அணிக்குக் கொடுத்துவிட்டார்கள்! ஒன்பது வருடம் நமக்காகக் குந்திக் குந்தி முழங்கால் தேய்ந்தவனை! அன்று நான் சாப்பிடவில்லை. சாப்பிட்டேன், ருசிக்கவில்லை. பதிலுக்கு வந்த புது கேட்சரின் பெயர் வான் டென் போஸ்கர்க். அதைச் சொல்லி முடிப்பதற்குள் பந்து வந்து போய்விடுகிறது. சரி, வாய்க்குப் பழகின பெயரே இருக்கட்டும், மேலே இருக்கிறவருக்கு ஆள் தெரியாதா என்று விட்டுவிட்டேன். அங்கேதான் நாசமாய்ப் போனேன்.

இங்கே முதல் ஆட்டமே உங்களோடு. கடைசி இன்னிங்ஸ், நாம் ஒரு ரன் முன்னால், உங்கள் ஆள் ஒருவன் ஏற்கெனவே பேஸில் ஓடக் காத்து நிற்கிறான், அடிக்க வந்து நிற்கிறவன் ரூபன். தொப்பி, தோள், பியர், எல்லாம் கனகச்சிதம். கடிகாரத்தை ஜெயித்துவிட்ட பெருமையில் தொண்டை கிழியக் கத்தினேன்: "ரூபன், பார்த்துக்கப்பா!" பார்த்துக்கொண்டான். பந்து எழும்பி, சுவரைத் தாண்டி, என் மடியில் கடுகு சாஸோடு இருந்த சாசேஜ் ரொட்டியின் மேலேயே வந்து விழுந்தது.

எதிரணிக்காரன் இப்படிச் சுவரைத் தாண்டி அடித்த ஹோம் ரன் பந்து கையில் கிடைத்தால் மைதானத்துக்குள்ளேயே திருப்பி எறிந்துவிட வேண்டும். "எறி! எறி!" என்று அத்தனை பேரும் கத்துகிறார்கள். "டேய், எறிடா! என்னமோ பெத்த பிள்ளை மாதிரி அணைச்சுக்கிட்டிருக்கே?" என்று ஹார்லன். பின்வரிசை டாட்டி அம்மா வேறு, "சீக்கிரம்ப்பா, உனக்கும் கடிகாரம் ஓடுது!" என்கிறாள். எனக்கு மனசு வரவில்லை, பெர்னி. இத்தனை வருடம் அவனைக் கூப்பிட்டிருக்கிறேன், முதல் தடவையாக ஒரு பதில் வந்திருக்கிறது. ஆனால் எதையாவது எறியாவிட்டால் என்னையே தூக்கி எறிந்துவிடுவார்கள். எறிந்தேன். தொப்பியை. அது நம் ஆள் காலடியிலேயே போய் விழ, ஆட்டம் நின்றது. பந்தை எறிந்தால் கைதட்டல், தொப்பியை எறிந்தால் வெளியேற்றம் என்று இரண்டு காவலர்கள் மரியாதையாக விளக்கிக்கொண்டே என்னை வாசல்வரை கொண்டுவந்து விட்டார்கள்.

அன்றைக்குத் தோற்றோம், அதற்குப் பிறகும் தோற்றுக்கொண்டே இருக்கிறோம். "அந்தப் பந்து இந்த மாநிலத்தைத் தாண்டுற வரைக்கும் நீ எங்க வரிசையில உக்காரக் கூடாது. என் தோளும் உனக்குக் கிடையாது" என்று ஹார்லன் தீர்ப்புச் சொல்லிவிட்டான். அந்த வரிசையை விட்டால் எனக்குப் போக்கிடம் ஏது? வேலையை விட்ட பிறகு நான் வாய்விட்டுக் கத்தவும், என்னை நாலு பேர் திட்டவும் இருக்கிற ஒரே இடம் அது. அதனால் அனுப்பிவிடுகிறேன். ஹார்லன் இப்போது என் பக்கத்திலேயே உட்கார்ந்து, பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டே ஒவ்வொரு வரியையும் படிக்கிறான். திருந்திவிட்டேன் என்றும் எழுதச் சொல்கிறான். திருந்திவிட்டேன்.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு முத்தங்கள், உங்கள் அணித் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கொடு. கர்த்தர் உங்கள் வீட்டைக் காக்கட்டும்.

உன் பிரியமுள்ள அண்ணன்,
கிளாரன்ஸ்

பி.கு.: ஹார்லன் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பிவிட்டான், நாளைக்கு அவனே தபாலில் சேர்க்கிறானாம். பார்சலைப் பிரித்துவிட்டு ரூபன் அடித்தது என்று யாரிடமும் காட்டி வைக்காதே. அது லொரேன் கடையில் வாங்கி, கடுகு சாஸைத் தடவி வைத்த பந்து. சத்தியமாக எனக்கே தெரியாது, நான் நிஜமாகவே அனுப்பத்தான் இருந்தேன். அவன் கார் தெருமுனை திரும்பியதும் மாவு டப்பாவைத் திறந்து அசலை எடுத்து மேசையில் வைத்தாள். ஹார்லன் போன் செய்தால், பந்து பத்திரமாக வந்து சேர்ந்தது என்று சொல்லிவிடு. ஏன்டி இப்படிச் செய்தாய் என்று கேட்டதற்கு அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "ரூபனை இத்தனை வருஷமா நீ மட்டுமா கூப்பிட்டே?"