வாஷர் வாங்கப் போனவர்

துக்கம் காப்பவர்களில் பல வகை உண்டு. வீட்டில் ஒருவரைப் பறிகொடுத்தவர் கொஞ்ச நாள் அழுதுவிட்டு முகம் கழுவி வேலைக்குப் போகிறார். காதலி கைவிட்டவன் தாடி வளர்க்கிறான். அரிக்கத் தொடங்கியதும் எடுத்துவிடுகிறான். ஆனால், ஊரை விட்டுப் போன ஒரு விளையாட்டு அணிக்காக ஒன்பது வருஷமாகத் துக்கம் காக்கும் ஆசாமியை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? இல்லையென்றால் போர்ட் ஹேலுக்கு வாருங்கள். ஏரிக்கரைப் பேருந்து நிலையத்தில் இறங்கி, எதிரே வரும் முதல் ஆளிடம், "இங்கே ஒரு ஐஸ் ஹாக்கி அணி இருந்ததாமே?" என்று கேளுங்கள். கேட்ட கையோடு உட்கார ஓர் இடமும் பார்த்துக்கொள்ளுங்கள்.

"அதைப் பத்தி நான் பேசறதே இல்ல" என்று ஆரம்பிப்பார். ஒன்றேகால் மணி நேரம் பேசுவார்.

இவரை அடையாளம் காண்பது சுலபம். அணி குடியேறிய நகரத்தின் பெயரை வாயால் சொல்ல மாட்டார். "அந்த இடம்" என்பார். தொலைக்காட்சியில் வானிலை சொல்லும் பெண் அந்த இடத்தின் வெயிலைச் சொல்ல வாயெடுத்தாலே ஒலியை அணைத்துவிடுவார். அணி எப்படி ஆடுகிறது என்பது தனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள விருப்பமும் இல்லை என்பார். ஆனால் கோல்காப்பாளனுக்கு இடது முட்டியில் வீக்கம், பயிற்சியாளருக்கும் அவர் மச்சானுக்கும் பேச்சுவார்த்தை இல்லை, மூன்றாவது வரிசைக்காரன் புது மட்டையால் தடுமாறுகிறான் என்பதெல்லாம் விரல்நுனியில் இருக்கும். எப்படித் தெரியும் என்று கேட்டுப்பாருங்கள்.

"யாரோ சொன்னாங்க."

யார் அந்த யாரோ? அதுதான் இந்தக் கதை.

இந்த இனத்திலேயே உயர்ந்த ரகம் ஸ்டான் வோய்ச்சிக். அறுபத்து மூன்று வயது, பள்ளிப் பேருந்து ஓட்டுநர், கழுத்து எங்கே முடிந்து தலை எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாத உடம்பு. அணி ஊரில் இருந்தபோது ஆட்ட அரங்கத்தில் நூற்றுப் பன்னிரண்டாம் பகுதி, பதினாலாம் இருக்கை இவருடையது. இருபத்தாறு வருஷம். அந்தப் பதினாலாம் இருக்கையில் ஒரு பள்ளம் விழுந்திருந்தது. அதில் வேறு யாரும் உட்கார முடியாது.

அணியின் பெயர் மீன்கொத்திகள். ஒன்பது வருஷத்துக்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை, ஊரே வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, முதலாளி ஹார்லன் பிக் ஆறு லாரிகளைக் கொண்டுவந்து, மட்டை, கவசம், கோப்பை, குளியலறைத் துண்டு, பாதி தேய்ந்த சோப்பு வரைக்கும் வாரி ஏற்றிக்கொண்டு, ஆயிரத்து எண்ணூறு மைல் தள்ளி ஒரு பாலைவன நகரத்தில் போய் இறக்கிவிட்டான். அங்கே ஏரி கிடையாது. குளம் கிடையாது. பனி என்றால் குளிர்பெட்டிக்குள் இருப்பது என்று நினைக்கிற ஊர். மீன்கொத்தி அங்கே எதைக் கொத்தும்? அதற்கும் வழி செய்தார்கள். பழைய சின்னத்தில் பறவையின் அலகில் ஒரு மீன் இருக்கும். அந்த மீனைப் பிடுங்கிவிட்டு, பறவைக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டி, கள்ளிச்செடிமேல் உட்காரவைத்தார்கள். ஜெர்சிக்கு ஆரஞ்சும் ரோஜாவும் கலந்த ஒரு நிறம். வெயிலில் வாந்தியெடுத்த ஐஸ்கிரீம் என்று ஸ்டான் அதைச் சொல்வார்.

இதையெல்லாம்கூட ஊர் பொறுத்திருக்கும். ஆனால் அந்தப் பாவி சங்கையும் எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அது இரும்புத்தாது ஏற்றிப்போன பழைய கப்பல் ஒன்றின் ஊதுசங்கு. கப்பலை உடைத்தபோது ஊர்க்காரர்கள் கேட்டு வாங்கி, அரங்கத்தின் கூரையில் பொருத்தியிருந்தார்கள். மீன்கொத்திகள் கோல் போட்டால் ஊதும்: இரண்டு நீளம், ஒரு குட்டை. கேட்டதும் ஏரிக்கரைச் சாலையில் போகிற கார்கள், லாரிகள், ஒருமுறை ஒரு பிண ஊர்தியும்கூட, அதே தாளத்தில் பதில் ஊதும். போர்ட் ஹேலில் நடக்கத் தெரியாத குழந்தைக்கும் அந்தத் தாளம் தெரியும்.

அணி போன மறு வாரமே "இனிமேல் இல்லை சங்கம்" பிறந்தது. தலைவர் ஸ்டான். செயலாளர் ஆர்லீன் டவ்ட், தேவாலய அலுவலகத்தில் வேலை பார்க்கும் பெண்மணி, பதினைந்தாம் இருக்கைக்காரர். இருபத்தாறு வருஷம் ஸ்டானின் விலாவில் முழங்கையால் இடித்தவர். உறுப்பினர் நாற்பத்து மூன்று பேர். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தேவாலயக் கூடத்தில் மீன் வறுவல் விருந்து நடக்கும்போது, வலது கையைத் தூக்கிச் சத்தியம் செய்வார்கள்: மீன்கொத்திகளின் ஆட்டத்தைப் பார்க்க மாட்டேன், கேட்க மாட்டேன். கை தூக்கும்போது அதில் முட்டைக்கோசுப் பொரியல் இருந்தால் பாதகமில்லை.

சத்தியத்தை மீறினால்? அதற்கு ஸ்டானே ஒரு தண்டனை கண்டுபிடித்திருந்தார். ஆர்லீன் தபாலில் வரவழைத்த அந்த ஆரஞ்சு ரோஜா ஜெர்சியை மாட்டிக்கொண்டு, ஆறு வெள்ளிக்கிழமை, கூடத்தில் எல்லோருக்கும் மீன் பரிமாற வேண்டும். போன வருஷம் முடிதிருத்தும் கார்மைன் மங்கானோ மாட்டிக்கொண்டார். செய்தித்தாளில் ஆட்ட முடிவைப் பார்த்துவிட்டார் என்பது குற்றச்சாட்டு.

"ஒரு ஆளு பேப்பரை விரிச்சுப் பிடிச்சிட்டு உக்காந்திருக்கான். நான் பின்னால நின்னு முடி வெட்டறேன். கண்ணை எங்கய்யா கொண்டுபோய் வெக்கறது?" என்று கெஞ்சினார் கார்மைன்.

"முடியில வெக்க வேண்டியதுதானே?" என்றார் ஸ்டான்.

"அவனுக்கு மொத்தமே பதினோரு முடிதான்யா!"

"அப்ப எண்ணிக்கிட்டே இருந்திருக்கலாமே" என்றார் ஆர்லீன்.

ஆறு வெள்ளிக்கிழமை பரிமாறினார் கார்மைன். ஜெர்சி பெரியது, ஆள் சிறியவர். ஒவ்வொரு தட்டிலும் தொங்கிய சட்டைக்கை சாஸில் தோய்ந்தது. ஸ்டான் மட்டும் வேண்டுமென்றே நான்கு முறை கூப்பிட்டு எலுமிச்சைத் துண்டு கேட்பார். கருணையே கிடையாது. கொள்கை என்றால் கொள்கை.

இப்படிப்பட்ட கொள்கைக்குன்று, இந்த வசந்த காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் தொப்பியை மாட்டிக்கொண்டு வாசலுக்கு நகர்ந்தது. அன்று மூன்று மணிக்கு, பாலைவனத்தில், மீன்கொத்திகளுக்கு வாழ்வா சாவா ஆட்டம். ஜெயித்தால் அடுத்த சுற்று, தோற்றால் வீடு. இது ஸ்டானுக்குத் தெரியாது. யாரோ சொன்னாங்க.

"எங்க கிளம்பிட்ட?" என்றார் மனைவி லொரெய்ன்.

"குழாய்ல தண்ணி சொட்டுது. ஒரு வாஷர் வாங்கிட்டு வந்துடறேன்."

லொரெய்ன் சமையல்கட்டுக் குழாயைத் திரும்பிப் பார்த்தார். அது சொட்டவில்லை. சொட்டிப் பல வருஷம் ஆகிறது. இழுப்பறையைத் திறந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"நம்ம வீட்டுல இருக்கறது மூணு குழாய், ஸ்டான். இதுல நாப்பத்தொரு வாஷர் இருக்கு."

"எல்லாம் வேற வேற சைஸ்."

"சரி, போயிட்டு வா. சாண்ட்விச் கட்டி வெச்சிருக்கேன், எடுத்துக்க. ஒரு வாஷர் வாங்க ரெண்டரை மணி நேரம் ஆகும்ல?"

ஸ்டான் காதில் விழாதவர் போல சாண்ட்விச்சை எடுத்துக்கொண்டார்.

ஆணி, திருகு, குழாய்ச் சாமான் விற்கும் அந்தப் பெரிய கடை நிற்பது பழைய அரங்கம் இருந்த இடத்தில். அரங்கத்தை இடித்து, வாசற்பக்கம் கடையும், பனித்தளமும் இருக்கைகளும் இருந்த பக்கம் கார் நிறுத்துமிடமும் கட்டிவிட்டார்கள். கடையின் மேலாளர் வெளியூர்க்காரர், பாவம், அவருக்கு ஒரு விஷயம் புரியவே இல்லை. நிறுத்துமிடத்தின் நட்டநடுவில், நூறு வண்டி நிற்கக்கூடிய முட்டை வடிவ இடம் எப்போதும் காலியாகக் கிடந்தது. ஜனங்கள் சுற்றிலும் ஓரமாகவே வண்டியை நிறுத்திவிட்டு, மழையானாலும் பனியானாலும் அந்தக் காலியிடத்தையும் சுற்றிக்கொண்டு நடந்து வந்தார்கள். பள்ளம் கிள்ளம் இருக்கிறதோ என்று இரண்டு தடவை ஆள் வைத்துப் பார்த்துவிட்டார். ஒன்றும் இல்லை.

எப்படி இருக்கும்? பனித்தளத்தின்மேல் யாராவது காரை ஓட்டுவார்களா?

ஸ்டான் வழக்கம்போல விளக்குக் கம்பத்திலிருந்து மூன்றாவது கட்டத்தில், அரங்கத்தில் தான் உட்கார்ந்த அதே இடத்தில், நிறுத்தினார். பதினாலாம் இருக்கை. தொப்பியைப் புருவம்வரை இறக்கி, இருக்கையில் சரிந்து, ரேடியோவைத் திருகினார். வெளியே மழையும் பனியும் கலந்து அடித்தது. கண்ணாடியெல்லாம் மூச்சு படிந்து வெளுத்தது. மனச்சாட்சிக்கு ஏற்கெனவே ஒரு பதில் தயார்: நான் ஆட்டம் கேட்க வரவில்லை. நம் சங்கை ஒழுங்காகப் பராமரிக்கிறார்களா என்று கேட்க வந்தேன்.

ஆட்டம் சமன். கூடுதல் நேரம். ஸ்டானுக்குள் இரண்டு ஆட்கள் ஒருவர் கழுத்தை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள்.

"தோத்துத் தொலைங்கடா. நல்லா வேணும். அந்தப் பிக் பயலுக்கு நல்லா வேணும்... டேய், இடது பக்கம் தடுக்க ஆளே இல்லடா, அங்க குடு! குடுக்காத! குடுத்தா கோல் போட்டுடுவான்... குடுடா மடையா!"

கொடுத்துவிட்டான். கோல்.

ரேடியோவுக்குள், ஆயிரத்து எண்ணூறு மைலுக்கு அப்பால், தண்ணீரையே பார்க்காத ஒரு கூரையின்மேல், போர்ட் ஹேலின் சங்கு ஊதியது. இரண்டு நீளம், ஒரு குட்டை.

ஸ்டானின் கை தானாகப் போயிற்று. காரின் ஹாரனை அழுத்தியது. இரண்டு நீளம், ஒரு குட்டை.

அழுத்திய பிறகுதான் உறைத்தது. ஊருக்கே கேட்டிருக்கும். ஆறு வெள்ளிக்கிழமை, ஆரஞ்சு ரோஜா, கார்மைனின் எலுமிச்சைத் துண்டு எல்லாம் கண்முன் வந்து போயின. சட்டென்று ஸ்டியரிங்குக்கு அடியில் குனிந்தார். அந்த உடம்போடு எவ்வளவு குனிய முடியுமோ அவ்வளவு. குனிந்தவருக்கு ஒரு சந்தேகம். ஹாரனிலிருந்து கையை எடுத்தாயிற்றே, ஏன் இன்னும் ஊதிக்கொண்டிருக்கிறது? எதிரொலியா? எதிரொலி இத்தனை குரலிலா வரும்?

கண்ணாடியைத் துடைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்.

முட்டை வடிவ வெற்றிடத்தைச் சுற்றி, வட்டமாக, வரிசை வரிசையாக, உள்நோக்கி முகம் காட்டி கார்கள். எல்லாக் கண்ணாடியும் வெளுத்திருந்தது. எல்லாக் காரும் ஊதிக்கொண்டிருந்தது. நூற்று நாலாம் பகுதி ஊதியது. கோல் வலைக்குப் பின்பக்கத்து மலிவு டிக்கெட் பகுதி ஊதியது. அவரவர் பழைய இடத்தில் அவரவர்.

பக்கத்துக் காரின் கண்ணாடி இறங்கியது. பதினைந்தாம் இருக்கை.

"வாஷர் வாங்க வந்தேன்" என்றார் ஆர்லீன்.

"நான் ஒண்ணும் கேக்கலியே."

"நானும் ஒண்ணும் சொல்லல."

ஆர்லீன் கண்ணாடியை இன்னும் கொஞ்சம் இறக்கினார்.

"அந்த ரெண்டாவது ஊதல் கொஞ்சம் கம்முதுல்ல?" என்றார் ஆர்லீன்.

"கவனிச்சியா? எண்ணெயே போடறதில்ல போல, படுபாவிங்க."

இதைச் சொல்லும்போது ஸ்டான் அழுதார். எதற்கு மறைப்பானேன், நன்றாகவே அழுதார். ஆர்லீன் கையை நீட்டி விலாவில் இடிக்கப் பார்த்தார். கார்களுக்கு இடையே தூரம் அதிகம், எட்டவில்லை. ஒன்பது வருஷமாக ஸ்டானுக்கு இல்லாமல் போனது கோப்பையும் இல்லை, கோலும் இல்லை, அந்த முழங்கைதான்.

அதற்குள் எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு சிறிய உருவம் பனித்தளத்தைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்தது.

"யோவ் தலைவரே! ஆறு வெள்ளிக்கிழமைய்யா! எனக்கு ஆறு வெள்ளிக்கிழமை!"

"நீ மட்டும் இங்க என்ன பண்ற கார்மைன்?"

"நான் அனுபவிச்சாச்சு! தண்டனையை முன்னாலயே முடிச்சுட்டு வந்திருக்கேன். இனி என்னை ஒருத்தனும் கேக்க முடியாது!"

வீட்டுக்கு வெறுங்கையோடு போக முடியுமா? நாற்பத்து மூன்று பேரும் தலையைக் குனிந்தபடி கடைக்குள் போய் வரிசையில் நின்று, ஆளுக்கு ஒரு வாஷர் கேட்டார்கள். மேலாளருக்கு இந்த ஊரின் குழாய்களைப் பற்றியே பயம் வந்துவிட்டது. ஸ்டான் தலைவர் என்பதால் கடைசியில் நின்றார். அவர் முறை வந்தபோது பெட்டி காலி.

"வாஷர் எங்க?" என்றார் லொரெய்ன்.

"தீந்து போச்சு."

"கடையிலயா?"

"ஊர்லயே."

அடுத்த வெள்ளிக்கிழமை அந்த ஆரஞ்சு ரோஜா ஜெர்சியை ஸ்டான் தானே கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். தோளில் தையல் விட்டது. மீன் தட்டுடன் அவர் நிற்க, பின்னால் நாற்பத்தோரு குற்றவாளிகள் ஏப்ரன் கட்டி நின்றார்கள். எதிரே சாப்பிட உட்கார்ந்திருந்தது மனைவிமார், கணவன்மார், கடை மேலாளர், அப்புறம் கால்மேல் கால் போட்டு கார்மைன்.

"எலுமிச்சை" என்றார் கார்மைன். ஏழாவது முறை.

பரிமாறி முடித்ததும் சங்கத்தை என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. கலைத்துவிடலாம் என்று யாரோ முணுமுணுத்தார்கள். ஸ்டானுக்கு முகம் சிவந்துவிட்டது. கொள்கை என்றால் கொள்கை. எல்லோரும் வலது கையைத் தூக்கி, எண்ணெய் வழிய வழிய, பார்க்க மாட்டேன், கேட்க மாட்டேன் என்று மறுபடியும் சத்தியம் செய்தார்கள். பிறகு தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஓர் அறிவிப்புச் செய்தார்.

"வர்ற சனிக்கிழமை ரெண்டு மணிக்கு என் வீட்டுக் குழாய் ஒழுகப்போகுது."

"எங்க வீட்டுலயும்" என்றார் ஆர்லீன்.

கூடம் முழுக்க ஒரே ஒழுகல்.

சிரித்தாயிற்றா? சரி. இனி உங்களைக் கொஞ்சம் பார்ப்போம். விற்றுவிட்ட பழைய வீட்டுக்கு என்ன நிறம் அடித்திருக்கிறார்கள் என்று, "சும்மா அந்தப் பக்கம் ஒரு வேலை" என்று சொல்லி வண்டியைத் திருப்பிப் போய்ப் பார்த்தது யார்? மூஞ்சியிலேயே முழிக்கமாட்டேன் என்று சொன்ன மச்சான் வீட்டுக் கல்யாணப் படத்தை, அலைபேசியில் விரலால் பெரிதாக்கி, யார் யார் வந்திருக்கிறார்கள் என்று எண்ணியது யார்? ராஜினாமா செய்த அலுவலகத்தில் உங்கள் நாற்காலியில் இப்போது உட்காருபவன் தேறமாட்டான் என்பது உங்களுக்கு எப்படித் தெரியும்? யாரோ சொன்னாங்களா?

நான் எதுவும் கேட்கவில்லை. நீங்களும் எதுவும் சொல்ல வேண்டாம். வீட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, சமையல்கட்டு இழுப்பறையைத் திறந்து, எத்தனை வாஷர் சேர்ந்திருக்கிறது என்று மட்டும் எண்ணிப்பாருங்கள்.