காயில்காரர் ஆஸ்கர் மேல் போட்ட மனு

ஆஸ்கர் விருதைத் தப்பான ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று வரிசையில் நின்று மனு கொடுத்து, அதற்கு ரசீதும் வாங்கிய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் பென்னாகரத்தில் இருக்கிறார். எங்கள் ஊரிலும் அப்படி ஒருவர் உண்டு என்று யாராவது கிளம்பினால், ரசீதைக் காட்டச் சொல்லுவேன். எங்கள் ஆளிடம் ரசீது இருக்கிறது. அதில் முத்திரை குத்திக் கொடுத்தவனே நான்தான்.

அவருக்கு ரேஷன் கார்டில் ஏதோ ஒரு பெயர் இருக்கும். ஊருக்கு அவர் காயில்காரர். கருகிப்போன போர்வெல் மோட்டாரைப் பிரித்து, உள்ளே இருக்கிற செப்புக் கம்பிச் சுருளை வெட்டி எடுத்துவிட்டு, புதுக் காயில் கட்டித் தருவது தொழில். ஒகேனக்கல் போகிற ரோட்டில் கடை. அந்தக் கடை மாடியில் ஆறு வருஷம் நான் குடியிருந்தேன். அரசாங்க ஆபீஸ் ஒன்றில் குமாஸ்தா வேலை. திங்கட்கிழமைதோறும் பொதுமக்களிடம் மனு வாங்கிப் பதிவு செய்கிற மேஜை என்னுடையது. எந்த ஆபீஸ் என்று மட்டும் கேட்காதீர்கள். என் பென்ஷன் பேப்பர் இன்னும் கையெழுத்தாகவில்லை.

காயில்காரருக்கு இங்கிலீஷ் படம் என்றால் உயிர். இங்கிலீஷ்தான் தெரியாது. அது ஒரு குறையாக அவருக்குத் தோன்றியதே இல்லை. கடை மூலையில் ஒரு டிவி, அதற்கு இரண்டு பக்கமும் திருவிழாவில் வைக்கிற அளவுக்கு ஸ்பீக்கர். திரையின் கீழ்ப்பக்கம் வசனம் தமிழில் எழுத்தாக ஓடுகிற இடத்தில், காயிலுக்குச் சுற்றுகிற கறுப்பு டேப்பை நீளமாக ஒட்டி வைத்திருப்பார்.

"ஏங்கண்ணா, அதைப் படிச்சா கதை புரியுமில்ல?" என்று ஒரு தடவை கேட்டுவிட்டேன்.

"எழுத்தப் படிச்சா காது தூங்கிடுது சார். மோட்டர் என்ன தமிழ்லயா பேசுது? எனக்குப் புரியலயா?"

அது என்னவோ உண்மை. ஓடுகிற மோட்டாரின் மேல் ஸ்க்ரூடிரைவர் நுனியை வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு ஒரு நிமிஷம் கேட்பார். பேரிங் போச்சா, காயில் போச்சா என்று சொல்லிவிடுவார். தப்பாது. சில சமயம் அதே ஸ்க்ரூடிரைவரை ஸ்பீக்கர் பெட்டி மேல் வைத்துப் படத்தையும் கேட்பார். முகத்தைச் சுளித்து, "இந்தப் படத்துல மழ சரியில்லீங்க. தகரத்து மேல பேஞ்ச மழயக் கொண்டாந்து காட்டுல வுட்டுட்டானுங்க" என்பார். சண்டைப் படம் பார்க்க உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு இதெல்லாம் எதற்கு? ஆனாலும் தலையாட்டுவார்கள். அவர்கள் மோட்டார் அவர் கையில் இருக்கிறது.

தை மாதம் ஆஸ்கர் பட்டியல் வந்ததும் கடை ஷட்டரில் சாக்பீஸால் எழுதிப்போடுவார். அதே ஷட்டரில்தான் எந்த மோட்டார் எப்போது முடியும் என்ற வரிசையும் இருக்கும். பாப்பாரப்பட்டி மாதையன் தக்காளி போட்டிருந்தவர். மோட்டார் கருகி வந்த அவர், ஷட்டரைப் பார்த்துக் கலங்கிப்போனார்.

"என்னாங்க, எனக்கு முன்னால அஞ்சு பேரு இருக்காங்களே?"

"அது சிறந்த ஒப்பனைங்க. நீங்க கீழ, ரெண்டாவது."

"அந்த அஞ்சு பேருக்கும் எப்ப குடுப்பீங்க?"

"நான் எங்கங்க குடுக்கறது? அவங்க அமெரிக்காவுல குடுப்பாங்க."

மாதையன் தன் மோட்டாரை அமெரிக்காவுக்கு அனுப்பப்போகிறார்கள் என்றே இரண்டு நாள் நினைத்துக்கொண்டிருந்தாராம். பிறகு அவரும் கடையில் நடக்கிற ஆஸ்கர் வாதத்தில் ஒரு கட்சியில் சேர்ந்து, சிறந்த நடிகை யார் என்று வாதாடுகிற அளவுக்குத் தேறிவிட்டார்.

விழாவைப் பற்றிக் காயில்காரருக்குத் தனியான சட்டதிட்டங்கள் உண்டு. விருது வாங்கியவர் அழுதால் அவருக்குப் பிடிக்காது. "வாங்குனவன் எதுக்குங்க அழுவறான்? பக்கத்துல வாங்காதவன் சிரிச்சிக்கிட்டு கை தட்டறான் பாருங்க, அவந்தான் நடிகன். அவனக் கூப்புட்டு அதக் குடுங்க." மேடையில் நன்றி சொல்லிக்கொண்டே போனால், "கலியாணப் பத்திரிகையில மாமன் மச்சான் பேரு போடற மாதிரி படிக்கறான் பாருங்க, ஒருத்தர் பேரு வுட்டுப்போனா வூட்ல சண்ட" என்பார்.

இத்தனை வேடிக்கைக்கு நடுவே அவருக்கு ஒரே ஒரு பக்தி இருந்தது. படத்துக்கு ஒலி சேர்க்கிற ஒரு கிழவர். அவர் பெயரை இவர் ஒருநாளும் சொன்னதில்லை; 'பெரியவர்' என்பார், அவ்வளவுதான். எட்டு தடவை ஆஸ்கர் பட்டியலில் பெயர் வந்து, எட்டு தடவையும் கை தட்டிவிட்டு வீட்டுக்குப் போனவர். அவர் போட்டோவைப் பிரிண்ட் எடுத்து, கடையில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார். ஆயுத பூஜை அன்றைக்கு யாரோ ஒரு புண்ணியவான், காயில்காரரின் காலமான மாமனார் என்று நினைத்து அதற்கு மாலை போட்டுவிட்டார். அன்றைக்குக் கடையில் நடந்த ரகளை எனக்கு மாடி வரைக்கும் கேட்டது.

"நடிகனுக்கு மூஞ்சி இருக்குது சார். ரோட்ல போனா கூட்டம் கூடுது. இந்த மனுசன் இருட்டுல உக்காந்து ஒவ்வொரு சத்தமா கோத்திருக்காரு. இவர யாரு கேக்கறது?" என்பார். சொல்லும்போது அவர் விரல்களைப் பார்ப்பேன். கம்பி இழுத்து இழுத்துக் காய்ச்சுப்போன விரல்கள். அவர் கட்டிய காயிலும் மோட்டாருக்குள்ளே இருட்டில்தான் இருக்கும்.

ஒரு வருஷம் பெரியவர் பெயர் ஒன்பதாவது தடவையாக வந்தது. இதோடு வேலையிலிருந்து ஓய்வு பெறப்போகிறார் என்ற செய்தியும் கூடவே வந்தது. காயில்காரர் கடை வாசலில் கொஞ்ச நேரம் நின்றார். உள்ளே போய் முருகன் படத்துக்கு முன்னால் கற்பூரம் ஏற்றினார். மாதையனும் நானும் இன்னும் நாலு பேரும் பார்த்துக்கொண்டிருக்க, அதை உள்ளங்கையால் அடித்து அணைத்தார்.

"இந்த வாட்டியும் பெரியவருக்குக் குடுக்கலன்னா, என் ஆயுசுக்கும் இங்கிலீஷ் படம் பாக்க மாட்டேன். இது சத்தியம்!"

எங்கள் பக்கத்தில் பத்திரத்தில் போட்ட கையெழுத்தையே இல்லை என்று சொன்னவர்கள் உண்டு. கற்பூரம் அடித்ததை மீறியவர் கிடையாது.

"அண்ணா, மொட்ட போடறேன்னு வேண்டியிருக்கலாமே. முடின்னா வளந்துடும்."

"மொட்டைக்கெல்லாம் அவனுங்க பயப்பட மாட்டானுங்க சார். நான் படம் பாக்கறது நின்னாத்தான் உறைக்கும்."

விழா நாள் வந்தது. அமெரிக்காவில் ஞாயிற்றுக்கிழமை நடப்பது நமக்குத் திங்கட்கிழமை விடியலில் வரும். டீயை வைத்துக்கொண்டு நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தோம். ஒலிக்கான விருது என்றார்கள். ஐந்து பேர் முகத்தைக் காட்டினார்கள். பெரியவர் கழுத்துப் பட்டையைச் சரிசெய்துகொண்டார். உறையைப் பிரித்தார்கள்.

வேறு யாரோ ஓர் இளைஞன் எழுந்து ஓடினான். பெரியவர் சிரித்தபடி கை தட்டினார்.

காயில்காரர் டிவியை அணைத்தார். முகம் கழுவி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்துவிட்டார். துக்கம் தாளாமல் எங்காவது போகிறார், போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆபீஸுக்குப் போய் மேஜையைத் திறந்தால், வரிசையில் ஏழாவது ஆளாக நிற்கிறார்! முன்னால் பட்டா மாற்றக் கோரும் அம்மா, பின்னால் பாதை மறித்துவிட்டார்கள் என்று ஒரு தாத்தா. நடுவில் இவர், கையில் நாலாக மடித்த மனுவோடு.

"பொருள்: ஆஸ்கர் விருது – ஒலிப் பிரிவு – அநீதி இழைக்கப்பட்டது – மறுவிசாரணை கோருதல் – தொடர்பாக."

வாசலில் மரத்தடியில் உட்கார்ந்து மனு எழுதித் தருகிறவர் எழுதியது. முதியோர் உதவித்தொகை மனுவாக எழுதி எழுதிப் பழகிய கை. "மேற்படி பெரியவர் வயது முதிர்ந்தவர் என்பதையும், ஆதரிப்பார் யாரும் இல்லாதவர் என்பதையும் கருணையுடன் பரிசீலித்து" என்று முடித்திருந்தார்.

குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அண்ணா, இது நம்ம மாவட்டத்துல வராதுங்க" என்றேன்.

"பாதிக்கப்பட்டவன் எந்த மாவட்டம்?"

"யாரு பாதிக்கப்பட்டது?"

"நாந்தான்."

"நீங்க தர்மபுரி மாவட்டந்தான். ஆனா..."

"அப்ப சீல் குத்துங்க சார்."

பின்னால் நின்ற தாத்தா, "பெரியவருக்குன்னுதான கேக்கறாரு, வாங்கிக்கப்பா! எங்களுக்கும் பஸ் இருக்குதில்ல" என்று சத்தம் போட்டார். நான் குத்தினேன். கம்ப்யூட்டர் எந்தத் துறை என்று கேட்டது. 'இதர' என்று போட்டேன். நம்பர் வந்தது. காயில்காரர் ரசீதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

அன்றிலிருந்து கடையில் டிவி ஓடவில்லை. சத்தியம் என்றால் சத்தியம். ஸ்பீக்கர் மேல் துணியைப் போர்த்திவிட்டார். முதல் வாரம் ஊருக்கே நிம்மதியாக இருந்தது. இரண்டாவது வாரத்தில்தான் விபரீதம் தெரிந்தது. காயிலுக்கு இத்தனை சுற்று என்று ஒரு கணக்கு உண்டு. படம் ஓடிக்கொண்டிருந்தால் அந்த எண்ணிக்கை அவருக்குத் தானாக நிற்கும். சத்தமில்லாத கடையில் கை மட்டும் சுற்றியது, மனம் எங்கோ போனது. மாதையனின் மோட்டார் இரண்டு தடவை கட்டி, இரண்டு தடவையும் கருகியது. ஒருநாள் நான் இறங்கி வரும்போது, காயில்காரர் கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு, போர்த்திவைத்த ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பாட்டுப் பாத்திரம் மூடியபடி இருந்தது.

மாதையன் என் படிக்கட்டில் வந்து உட்கார்ந்தார். "சார், கொல்லையில தண்ணியில்லாம தக்காளி காயுது. அது கூடப் போவட்டும். ஆளே பாதியா எளச்சிட்டாரு. எதனா பண்ணி அவரப் படம் பாக்க வைங்க."

நானும் போய்ப் பேசினேன். சாமி இதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ளாது என்றேன்.

"நீங்க படிச்சவங்க. நீங்களே இப்பிடிச் சொல்லலாமா சார்?" என்றார். கோபம்கூட இல்லை.

அந்தச் சமயத்தில்தான் மனு என் மேஜைக்குத் திரும்பி வந்தது. நான் 'இதர' என்று போட்டதை யாரோ படித்துப் பார்த்து உதவித்தொகைப் பிரிவுக்குத் தள்ளியிருக்கிறார்கள். அவர்கள் "மேற்படி முதியவரின் குடும்ப அட்டை நகல் இணைக்கப்படவில்லை" என்று எழுதித் திருப்பியிருந்தார்கள். என் மேலதிகாரி அதைப் பார்த்துவிட்டு, தலையில் அடித்துக்கொள்ளாத குறையாக, "ஒரே வரிதாம்ப்பா. ஏற்க இயலாதுன்னு எழுதி முடிச்சுடு" என்றார்.

உட்கார்ந்தேன். 'ஏற்க இயலாது' என்று அடித்தேன். அதை எடுத்துக்கொண்டு போய் அந்தக் கையில் எப்படிக் கொடுப்பேன்? அழித்தேன். மறுபடி அடித்தேன்: "தங்களது மனு பரிசீலனையில் உள்ளது என்ற விவரம் தெரிவிக்கப்படுகிறது."

இந்த வரிக்காகப் பொதுமக்களிடம் நான் வாங்கிய திட்டு கொஞ்சநஞ்சமல்ல. அதைத் தபாலில் போடாமல் நானே எடுத்துப் போனேன். காயில்காரர் கையைத் துடைத்துக்கொண்டு மூன்று தடவை படித்தார்.

"அப்ப இன்னும் முடிவு ஆவலீங்களா?"

"ஆவலீங்கண்ணா. குடுக்கலன்னாத்தான உங்க சத்தியம்? குடுக்கலன்னு யாரு முடிவு பண்ணுனது? இங்க விசாரணை நடக்குது."

அவர் மாதையனைப் பார்த்தார். சத்தியத்துக்குச் சாட்சி அவர்தானே. மாதையன் ஒரு வினாடிகூட யோசிக்கவில்லை. "நான் கண்ணால பாத்த சாட்சி. விசாரண முடியாம சத்தியம் செல்லாதுங்க!" என்று தீர்ப்பே சொல்லிவிட்டார்.

"சார், இத யாரு எழுதுனது?"

"ஆபீஸ்ல எழுதுனதுங்க."

காயில்காரர் என்னையே பார்த்தார். மோட்டார் போடுகிற சத்தத்தில் கோளாறு எங்கே என்று சொல்லுகிற மனிதர். என் குரலில் கண்டுபிடித்திருக்க மாட்டாரா? எழுந்து போனார், ஸ்பீக்கர் மேலிருந்த துணியை எடுத்தார். அடுத்த நிமிஷம் கடை அதிர ஏதோ ஒரு கார் எதன் மேலோ மோதியது. மாதையன் கண்ணை மூடிக் கும்பிட்டார். அந்த வாரம் கட்டிய காயில்தான் அவர் மோட்டாரில் இன்னும் ஓடுகிறது.

பெரியவர் சொன்னபடியே ஓய்வு பெற்றுவிட்டார். எனக்கும் வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. பொறுப்பை ஒப்படைக்கும்போது, எதைச் சொல்ல மறந்தாலும், அந்த ஒரு மனுவை மட்டும் முடித்துவிடாதே தம்பி என்று புது ஆளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டேன். நல்ல பையன், காப்பாற்றிவருகிறான்.

வருஷா வருஷம் ஆஸ்கர் முடிந்த அந்தத் திங்கட்கிழமை காலையில் போன் வரும்.

"சார், நம்ம மனு?"

"பரிசீலனையில இருக்குதுங்கண்ணா."

"சரிங்க, நிதானமா பண்ணட்டும்" என்பார். அவர் குரலுக்குப் பின்னால் ஏதோ ஓர் இங்கிலீஷ் படம் காதைக் கிழிக்கும். வைக்கட்டுமா என்று அவர் கேட்கும்போதெல்லாம், இன்னும் கொஞ்சம் பேசுங்கண்ணா என்று, அந்தச் சத்தத்துக்காகவே நான் வேறு எதையாவது ஆரம்பிப்பேன்.