இறங்க மறுத்த நெருப்பு

லூ பெய்ஷெங் தூங்கிப் பதினாறு நாள் ஆகியிருந்தது. பதினேழாம் நாள் காலையில், சீனாவின் செங்டு நகரப் பஸ்ஸை இரண்டு நிறுத்தங்களில் நிறுத்தாமலே ஓட்டிக்கொண்டு போனார். பயணிகள் போட்ட கூச்சல் அவர் காதில் ஏறவே இல்லை.

டிப்போ மேனேஜர் கூப்பிட்டுச் சொன்னார்: "ஒரு மாசம் லீவு தர்றேன். நல்லா தூங்கிட்டு வா. இல்லேன்னா பஸ் கழுவுற வேலைதான்."

மனைவி யூன்ஷியா அவரை மூலிகை வைத்தியர் ஷாங்கிடம் இழுத்துப் போனாள். வைத்தியர் மூன்று விரல் வைத்து நாடி பார்த்தார். நாக்கை நீட்டச் சொல்லிப் பெருமூச்சு விட்டார்.

"இதயத்து நெருப்பு கீழே இறங்க மாட்டேங்குது. சிறுநீரகத் தண்ணி மேலே ஏற மாட்டேங்குது."

"நடுவுல டிராஃபிக்கா டாக்டர்?" என்றார் லூ. பஸ்காரர் புத்தி.

இலந்தை விதைக் கஷாயம் எழுதிக் கொடுத்த வைத்தியர், "தூக்கம் வந்துச்சான்னு காலையில மொத வேலையா எனக்குப் போன் பண்ணணும்" என்றார்.

கஷாயம் கொதித்த கொதியில் மாடிப்படி முழுக்க நாறியது. எலி செத்துக் கிடப்பதாக யாரோ புகார் கொடுக்க, குடியிருப்புக் கமிட்டி ஆட்கள் வந்து கட்டிலைக் கழற்றிப் போட்டுத் தேடினார்கள்.

மறுநாள் காலையில் லூ வைத்தியருக்குப் போன் பண்ணினார்.

"தூக்கம் வந்துச்சா?"

"கட்டிலே இல்ல, டாக்டர்."

"அப்போ மிளகாயை நிறுத்து. டீயை நிறுத்து. மாஜாங் ஆட்டத்தை நிறுத்து."

"செங்டுக்காரனை இதுக்குச் செத்துப் போன்னே சொல்லியிருக்கலாம்" என்று யூன்ஷியா முணுமுணுத்தாள்.

லூ மூன்றையும் நிறுத்தினார். மூன்றாம் நாள், அவித்த பூசணிக்காயைப் பார்த்து அழுதார். அழுத கண் தூங்குமா?

அடுத்து, மூலிகை வெந்நீரில் கால் ஊறவைக்கும் வைத்தியம். தொட்டி கவிழ்ந்தது. கீழ் வீட்டு ஃபான் அக்கா நனைந்த தலையோடு மேலேறி வந்தாள்.

"உன் புருஷன் கால் கழுவுன தண்ணி என் நூடுல்ஸ்ல சொட்டுதுடி! அடுத்த தடவை உப்பும் போட்டு அனுப்பு!"

கடைசியாகக் காது மடலில் சின்னச் சின்ன விதைகளை வைத்துப் பிளாஸ்திரி ஒட்டினார் வைத்தியர். எந்தப் பக்கம் படுத்தாலும் குத்தியது.

மாதம் முடிய இரண்டே நாள். லூ ஒரு முடிவோடு வைத்தியசாலைக்குள் நுழைந்தார்.

"போதும் டாக்டர். நான் பஸ் கழுவவே போறேன்!"

வைத்தியரின் முகம் விழுந்துவிட்டது.

"கொஞ்சம்கூடவா வரலை? ஒரு அரைமணி நேரம்? ஒரு கோழித்தூக்கம்?"

"பொட்டுத் தூக்கம் இல்ல."

வைத்தியரின் உதடு துடித்தது. கண்ணில் நீர் முட்டியது. லூவின் கோபமெல்லாம் கரைந்தே போயிற்று. தன் தூக்கத்துக்காகப் பெற்ற தாய்கூட இப்படி அழுததில்லை.

"அழாதீங்க டாக்டர். மேனேஜர் காலைப் பிடிச்சு இன்னும் பத்து நாள் வாங்குறேன். வேற மருந்து எழுதுங்க."

வைத்தியர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதினார். வெளி அறையில் வைத்தியரின் மனைவி தராசில் மூலிகை நிறுத்துக்கொண்டிருந்தாள். லூ அவளிடம் சீட்டை நீட்டினார்.

"உங்க வீட்டுக்காரர் மாதிரி ஒரு புண்ணியவானை நான் பார்த்ததில்ல அக்கா."

அவள் பொட்டலத்தை நறுக்கென்று கட்டி அவர் கையில் திணித்தாள்.

"இதையாவது குடிச்சுட்டுச் சட்டுன்னு தூங்கித் தொலைங்க தம்பி! நாலு வருஷமா பொட்டுத் தூக்கமில்லாத மனுஷன், உங்களுக்கு எது பலிக்குதோ அதைத்தான் தானும் குடிப்பேன்னு உட்கார்ந்திருக்காரு!"