ஆல்டர்வெல் ஊற்றுத் தண்ணீர்

பித்தளைக் குழாயை மாவிஸ் எப்படித் திருகியும் ஒரு சொட்டு வரவில்லை. இன்றைக்கென்று பார்த்து ஆய்வாளர் லோக்வுட் வருகிறார். அவர் நல்லபடியாக எழுதாவிட்டால் ஊற்று மண்டபத்தை மூடிக் காப்பிக் கடையாக்கிவிடுவார்கள்.

வருகிறவர்களுக்கு ஒரு குவளைத் தண்ணீர் கொடுத்து ஊர்ப் பெருமை சொல்வது மாவிஸின் வேலை. சம்பளமே இல்லாவிட்டாலும் சொல்வாள். மூட்டுவீக்கத்தோடு பல்லக்கில் வந்த பிரபு ஒருவர், கோடை முழுக்க இதைக் குடித்துவிட்டு இதே மண்டபத்தில் நடனமாடினாராம். 

ஊற்று இருக்கும் நிலவறையின் சாவி காவலாளி செட்ரிக்கிடம். அவரோ பல்வலி என்று வைத்தியரிடம் போயிருந்தார். மாவிஸ் பக்கத்துத் தேநீர்க் கடைக்கு ஓடினாள்.

"பெரில், அவிச்ச முட்டை இருக்காடி?"

"சாண்ட்விச்சுக்கு வெச்சிருக்கேன். எதுக்கு?"

"குழாய் மக்கர் பண்ணுது. மசிச்சு வெந்நீர்ல கரைச்சா ஊத்துத் தண்ணி மாதிரியே கந்தக வாடை வரும்ல."

"புத்தி கெட்டுப் போச்சா உனக்கு?"

திட்டிக்கொண்டே ஒரு கிண்ணம் நிறையக் கொடுத்தாள்.

கரைத்து வடிகட்டியதில் வாடை போதவில்லை. ஜாடியைத் தூக்கிக் கணப்பின் மேல் வைத்தாள். சற்று நேரத்தில் வாடை வந்தது. வந்தது மட்டுமில்லை, மண்டபத்தில் நிற்கவே முடியவில்லை. ஜன்னலைத் திறந்தாள். காற்று அதை அப்படியே தேநீர்க் கடைப் பக்கம் கொண்டுபோய்ச் சேர்த்தது.

பெரில் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள். "வாசல்ல உக்காந்திருந்தவங்க எல்லாம் கேக்கைக் கையில எடுத்துக்கிட்டு ஓடிட்டாங்க. ஜன்னலைச் சாத்துடி, புண்ணியமாப் போகும்."

சாத்தினாள். ருசி பார்த்தால் சப்பென்றிருந்தது. ஒரு கை உப்பை அள்ளிப் போட்டாள். அப்போதுதான் லோக்வுட் உள்ளே நுழைந்தார்.

"குழாய்ல பிடிச்சுக் குடுக்க மாட்டீங்களா?"

"பெரிய மனுஷங்களுக்கு ஜாடியிலதான் சார் ஊத்துவோம். அந்தக் காலத்து வழக்கம்."

மாவிஸ் இந்த மண்டபத்தில் பொய் சொல்வது வாழ்க்கையிலேயே இதுதான் முதல்முறை. லோக்வுட் ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடினார்.

"பத்து வருஷம் முன்னாடி என் சம்சாரத்தோட வந்தப்ப குடிச்சேன். அதே ருசிங்க. உப்பு மட்டும் கொஞ்சம் தூக்கல்."

"மழை கம்மி சார் இந்த வருஷம்."

"ஊத்தைப் பாக்கணுமே. கீழ போலாமா?"

கீழே போகச் சாவி இல்லை; மாவிஸ் பேச்சை மாற்றினாள். பிரபுவின் கதையை எடுத்துவிட்டாள். பல்லக்கு தூக்கியவர்களின் குடும்பக் கதை வரைக்கும் இழுத்தாள். அதுவும் தீரப்போகிற நேரத்தில் செட்ரிக் வீங்கிய கன்னத்தோடு வந்து சேர்ந்தார்.

"கீழயா? படி பூரா பாசி சார்" என்றார் ஆய்வாளரிடம். "போன வாரம் நானே வழுக்கி விழுந்தேன். உங்களை அனுப்பினா என் வேலை போயிடும்."

லோக்வுட் வற்புறுத்தவில்லை. "எத்தனையோ ஊர் பாத்துட்டேன். எல்லாத்தையும் புதுசு பண்றேன்னு கெடுத்து வெச்சிருக்காங்க. நீங்கதான் அப்படியே காப்பாத்தியிருக்கீங்க. மண்டபத்துல யாரும் கை வைக்கக் கூடாதுன்னே எழுதறேன்" என்று மாவிஸின் கையைக் குலுக்கிவிட்டுப் போனார்.

மாவிஸ் பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள். "பாவம் பண்ணிட்டேன் செட்ரிக். அவருக்குக் குடுத்த தண்ணியில நான் முட்டையைக் கரைச்சிட்டேன்."

செட்ரிக் ஜாடியிலிருந்து ஒரு மடக்குக் குடித்துப் பார்த்தார்.

"முட்டை சரிதான். ஊத்து வத்தின நாள்லேருந்து நானும் கீழ குழாய்த் தொட்டியில அதைத்தான் கரைக்கிறேன், உப்பு போடச் சொல்லி உங்களுக்கு யாரு சொன்னது?"