சாமிக்கு இடிக்காத கம்பி

காரைக்காலில், ஏன், இந்த டெல்டாவிலேயே, வானத்துக்குக் காது கொடுத்த ஒரே மனிதர் எங்கள் எதிர்வீட்டுக் கம்பி சார்தான். சொந்தப் பெயர் அவர் மனைவிக்கே மறந்திருக்கும்.

ஆபீசிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, தன் மொட்டைமாடியிலிருந்து தெருவைத் தாண்டி என் தென்னைமரத்துக்குச் செம்புக் கம்பி ஒன்றை இழுத்துக் கட்டினார். பக்கத்தில் ரேடியோப் பெட்டி, காதில் ஹெட்போன், முகத்தில் கலெக்டர் தோரணை.

"என்ன சார் கேக்குறீங்க?"

"நீர்மூழ்கிக் கப்பலுக்கு ஒவ்வொரு நாட்டுக்காரனும் ரேடியோவுல சேதி அனுப்புறான்ல? அந்த அலை தண்ணிக்குள்ள மட்டுமா போவுது? மேலயும் கசியுது. பூமியைச் சுத்தி எலக்ட்ரான் பட்டை கெடக்கு. செவனேன்னு சுத்திக்கிட்டிருக்குற எலக்ட்ரானைப் போயி இது தள்ளிவிட்டுடுது. அது நம்ம காத்துமண்டலத்து உச்சியில வந்து விழுவுது. அப்ப ஹெட்போன்ல கேக்குற அந்த அலையோட சத்தம் லேசா நெளியும்."

"அதனால நமக்கென்ன சார்?"

"அனுப்புறவன் பாட்டுக்கு அனுப்புறான். மேல போயி அது என்ன பண்ணுதுன்னு ஒருத்தனாச்சும் கேக்க வேணாமா?"

தெரு ஒத்துக்கொள்ளுமா? போர் மோட்டார் எரிந்தாலும் கம்பிதான் காரணம், கல்யாணம் தட்டிப்போனாலும் கம்பிதான் காரணம். "அவரு எதையும் அனுப்பலீங்க, கேக்கத்தான் செய்றாரு" என்று நான் தொண்டை கிழியக் கத்தியும் பயனில்லை. மாங்கனித் திருவிழா நெருங்கியதும், சப்பரம் வருகிற வழி என்று தெருச் சங்கத் தலைவர் ஆள்களோடு வந்துவிட்டார்.

"கம்பியை இறக்குங்க சார். சாமிக்கு இடிக்கும்."

"அளந்துதாங்க கட்டியிருக்கேன். சாமிக்கு இடிக்கல, உங்களுக்குத்தான் இடிக்குது!" என்று கதவைச் சாத்திவிட்டார்.

ஆனாலும் கம்பி தப்பித்தால் ஒரு கூடை மாம்பழம் இறைக்கிறேன் என்று வேண்டிக்கொண்டார். வேண்டுதல் பலித்தால், சாமி வரும்போது மாடியிலிருந்து மாம்பழம் வீசுவது எங்கள் ஊர் வழக்கம்.

சப்பரம் கம்பிக்கடியில் ஜம்மென்று போனது. கம்பி சார் ஆனந்தக் கண்ணீரோடு முதல் பழத்தை வீசினார். நல்ல கனமான கிளிமூக்கு. அது நேராகப் போய்க் கம்பியில் பட்டது. கம்பி அறுந்து தலைவர் கழுத்தில் மாலையாக விழுந்தது!

"பாத்தீங்களா, சாமியே இறக்கிடுச்சு!" என்று தலைவர் குதித்தார்.

"இன்னும் ஒசத்திக் கட்டச் சொல்லுதுய்யா!" என்று மாடியிலிருந்து கத்தினார் கம்பி சார். மறுநாள் காலையில் கட்டியும் விட்டார்.

போன வருஷம் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். இந்தத் திருவிழாவுக்கு முன்னால் தலைவர் என் வாசலுக்கு வந்தார்.

"அவருதான் இல்லையே. கேக்க ஆளில்லாத கம்பி எதுக்குங்க? இறக்கிடலாமே."

எனக்கு வந்ததே கோபம்! "சாமிக்கு இடிக்கலீங்க, உங்களுக்குத்தான் இடிக்குது!" என்று கதவைச் சாத்திவிட்டேன்.

சாத்திய பிறகுதான் அழுகை வந்தது.