பதினாறு கட்டத்து ஆம்பளை

இந்தத் தவக்காலம் முடிவதற்குள் அந்த இளவரசியைக் கோட்டையிலிருந்து வெளியே எடுத்தே தீருவது என்று நான் சபதம் போட்டேன்.

தப்பாக நினைக்காதீர்கள். அவள் உயரம் ஒரு சீரகம் அளவு. நான் சின்னப் பையனாக இருந்தபோது டிவியில் செருகி விளையாடிய கேம் கேசட்டுக்குள் இருப்பவள். கேசட்டைக் கம்ப்யூட்டரில் இறக்கி, அதிலுள்ள ஆள், பேய், செங்கல், மேகம் எல்லாவற்றையும் தனித்தனிப் படமாகக் கழற்றிவிட்டால், அம்மாபேட்டையில் என் கடையில் விற்கும் செல்போன் கவர்களில் அச்சடிக்கலாம். சேலத்தில் எவனிடமும் இல்லாத சரக்கு!

இன்னொரு லாபமும் உண்டு. அட்டாலியில் ஏறாமல் தப்பிக்கலாம். முன்னறைச் சுவரின் உச்சியில் இருக்கும் பரண் அது. தட்டுமுட்டுச் சாமானெல்லாம் அங்கேதான் கிடக்கிறது. அதை ஒழித்துச் சுண்ணாம்பு அடிக்கச் சொல்லி என் மனைவி அக்சிலியா ஆறு மாதமாகக் கேட்கிறாள். ஏணியில் கால் வைத்தாலே தலை சுற்றும் என்று நானும் ஆறு மாதமாகச் சொல்கிறேன். குருத்து ஞாயிறுக்கு நாமக்கல்லிலிருந்து மாமியார் வேறு வருகிறார்.

"ஏனுங்க, அதுக்குள்ள என்னதான் பண்றீங்க?"

"ரோம்ல இருந்து படம் எடுக்கறேன்." கம்ப்யூட்டரில் இறக்கிய கேசட்டுக்கு அதுதான் பெயர்.

"ரோமாபுரியில இருந்தா! நம்ம பங்குச் சாமியாரே இன்னும் போனதில்லீங்களே. அப்பிடியே எங்கம்மாவுக்கு ஒரு செபமாலை சொல்லி உடுங்க."

"அந்த ரோம் இல்லடி. இதுல இருக்கற ஸ்ப்ரைட்டை ஒவ்வொண்ணா எடுக்கணும்."

"கலருங்களா? எனக்கும் அரை டம்ளர் ஊத்துங்க. வெயிலு தாங்கல."

"ஸ்ப்ரைட்டுன்னா பொம்மைடி, பொம்மை!"

பொம்மை சும்மா வராது. தலை ஒரு மூலையில், கால் ஒரு மூலையில் சிதறிக் கிடக்கும். தேடிப் பிடித்து ஒட்ட வேண்டும். திங்கட்கிழமை முதலில் ஒட்டி முடித்தது இளவரசியை அல்ல. அவளை மீட்க ஓடும் வீரனை. பதினாறு கட்டம் அகலம், பதினாறு கட்டம் உயரம், சிவப்புத் தொப்பி.

சரியாக வந்திருக்கிறானா என்று விளையாட்டை ஓடவிட்டபோது அக்சிலியா எட்டிப் பார்த்தாள். அங்கேதான் என் குடி கெட்டது.

"யாருங்க இவரு?"

"பொம்மைக்கு எதுக்கு இவரு, அவருன்னு மரியாத?"

"பொண்டாட்டிக்காக எட்டு லெவலு தாண்டறாருங்களே! குழி தாண்டறாரு, ஏணி ஏறறாரு. ஒருக்காவாச்சும் மூஞ்சி சுளிக்கறாரா பாருங்க."

"அவனுக்கு மூஞ்சியே நாலு புள்ளிதான்!"

"நாலு புள்ளியிலயும் என்ன லட்சணங்க!"

அன்றிலிருந்து என் வயிற்றில் அடுப்பு எரிந்தது. அவள் செல்போனில் எங்கள் கல்யாணப் போட்டோ இருந்த இடத்தில் அவன் நின்றான். காபி கேட்டால், "இருங்க, அவரு ஏணிமேல நிக்கறாரு" என்றாள். நாலு வயது மகள் பிரின்சி என் தட்டிலிருந்து இட்லியைப் பிய்த்து அவனுக்கு ஊட்டினாள். கடையில் சிவப்புத் தொப்பி போட்டு வந்த ஒருவருக்கு, செல்லைத் திறந்துகூடப் பார்க்காமல், "ரிப்பேர் ஆகாது" என்று சொல்லி அனுப்பினேன்.

வியாழக்கிழமை அவளே பெருமூச்சு விட்டாள். "ஹூம்... இந்த ஒடம்புல உங்க மூஞ்சி இருந்தா எப்பிடி இருக்கும்!"

பொறி தட்டியது. அவனை அழித்துவிட்டு என்னையே வரைந்தேன். மூன்று நிறம்தான் அனுமதி. மீசைக்கு ஒன்று, நீலச் சட்டைக்கு ஒன்று, மேனிக்கு ஒன்று. பதினாறு கட்டத்துக்குள் தொப்பைதான் அடங்கவில்லை. மூச்சை எக்கிப் பிடித்துக்கொண்டு வரைந்தேன். திரும்ப விளையாட்டுக்குள் ஏற்றினேன்.

"இந்தா, வெளாடு."

விளையாடினாள். நான் ஓடினேன். குழி தாண்டினேன். பேயை மிதித்தேன். ஏணியில் சரசரவென்று ஏறினேன்.

"ஐ! அப்பா ஏணி ஏறறாரு!" பிரின்சி கை தட்டினாள்.

"நல்லாத்தான் ஏறறீங்க," என்றாள் அக்சிலியா. "பொம்மைக்கென்னங்க, ஏறும். நெசத்துல உங்களுக்குத் தலை சுத்துமே. பேசாம அவரையே திரும்பப் போட்டுருங்க."

அவரையே! அந்த ஒரு சொல்லில் என் ஆறு மாதத் தலைசுற்றல் நின்றுபோனது.

"ஏணி எங்கடி?"

"அட்டாலிக்கு நேராச் சாத்தித்தான் வெச்சிருக்கேனுங்க."

விறுவிறுவென்று ஏறினேன். நெஞ்சை நிமிர்த்தியதும் தலை கூரையில் இடித்தது. மூட்டைகளைக் கீழே கொடுத்தேன். கீழேயிருந்து துடைப்பம் வந்தது. பழைய சட்டை வந்தது. கடைசியாகச் சுண்ணாம்பு வாளி வந்தது. ஒரு கட்டி இல்லை. தயிர் மாதிரி இருந்தது.

"இவ்வளவு பதமா எப்படி ஊற வெச்ச?"

"திங்கக்கெழமெ ஊறப் போட்டனுங்க."

திங்கட்கிழமை! அவனிடம் அவள் லட்சணத்தைக் கண்டுபிடித்த அதே திங்கட்கிழமை!

"அடியே, அப்ப அவன் மேல உனக்கு...?"

"சீரகத்தளவு ஆளு மேல ஆசப்பட எனக்கென்ன கிறுக்கா? மூலைய உட்டுப்போட்டீங்க, பாத்து அடிங்க."

அடித்தேன். முடித்துவிட்டுக் காலைக் கீழே நீட்டித் துழாவினேன். கால் காற்றில் ஆடியது.

"ஏணி எங்கடி?"

அடுப்படியிலிருந்து குரல் வந்தது. "குதிச்சு வாங்க. அடுத்த லெவலு இங்க சமையக்கட்டு அட்டாலிங்க!"