பழனிக்கு நடந்த மோடம்

காலை 7.10-க்கு, நான்காவது முறையாக, அந்த அறிவிப்புப் பெட்டி என் கம்ப்யூட்டர் திரையில் முளைத்தது. பின்னால் என் மனைவி ஜோதி நின்றிருந்தாள்.

“புதிய விண்டோஸுக்கு மாறலாமா?” என்றது பெட்டி. பதில் இரண்டுதான்: ‘இப்போதே’, ‘பிறகு’. ‘வேண்டாம்’ என்று ஒன்று இல்லை. இப்படிக் கேட்கிறவனை நான் நம்புவதில்லை.

என் கம்ப்யூட்டரில் ஜாதகப் பொருத்தம் பார்க்கும் பழைய சாஃப்ட்வேர் இருக்கிறது. நாமகிரிப்பேட்டையில் யார் வீட்டில் கல்யாணப் பேச்சு எடுத்தாலும் முதலில் என்னிடம்தான் வருவார்கள். விண்டோஸை மாற்றினால் அது ஓடாது என்று பக்கத்து வீட்டு சிவபிரகாஷ் சொல்லியிருந்தான். அது போனால் எனக்கு ஊரில் வணக்கம் வைக்க ஆள் இல்லை.

“ஏனுங்க, ஒரு அமுக்கு அமுக்குனா ஓஞ்சுட்டுப் போகுதுங்க.”

“தொடாத புள்ள. அது ஆளை வேவு பாக்குது.”

“உங்கள வேவு பாத்து அதுக்கு என்னங்க ஆகப்போகுது?”

இப்போது சந்தேகம் இரண்டு பேர் மேல்: விண்டோஸ், ஜோதி. பாஸ்வேர்டை மாற்றினேன். அது போதவில்லை. தைப்பூசத்துக்குப் பழனி பாதயாத்திரை; ஐந்து நாள் வீட்டில் இருக்க மாட்டேன். இன்டர்நெட் இல்லாமல் எப்படி மாறும்? மோடத்தைக் கழற்றி, வேட்டியில் சுற்றி, பையில் போட்டுக்கொண்டேன். எல்லோரும் காவடி சுமந்தார்கள். நான் மோடம் சுமந்தேன்.

தாராபுரத்தில், கூட நடந்த தமிழரசு அதைப் பார்த்துவிட்டான்.

“என்னுங்ண்ணா, முருகனுக்கு வைஃபை காணிக்கைங்களா?”

திரும்பி வந்து மோடத்தை மாட்டினேன். பெட்டி வரவில்லை. ஒரு வாரமாக வரவில்லை. சாஃப்ட்வேர் முன்னைவிட வேகமாக ஓடியது. திரையின் அடியில் ஓரமாக இருந்த படங்கள் நடுவுக்கு வந்திருந்தன; முருகன் அருள் என்று நினைத்துக்கொண்டேன்.

“பாத்தியா புள்ள? பயந்து ஓடிருச்சு.”

ஜோதி பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“கேட்டதக் குடுத்தாச்சு. அப்பறம் எதுக்குங்க கேக்கும்?”

“இன்டர்நெட்டு?”

“என்ற போனுல இருக்குதுங்களே.”

“பாஸ்வேர்டு?”

“நீங்க வாய்விட்டுச் சொல்லிட்டேதானுங்க டைப் அடிப்பீங்க.”

“ஜாதகம் ஓடாதுன்னு சிவபிரகாஷ் சொன்னானே?”

“நீங்க இல்லாதப்ப வந்தவங்களுக்கெல்லாம் நாந்தானுங்க பாத்துச் சொன்னேன். ஓடுதான்னு பாக்க மொதல்ல நம்ம ரெண்டு பேரு ஜாதகத்தத்தான் போட்டேனுங்க. பத்துக்கு மூணு பொருத்தம்.”

பிப்ரவரி 16, திங்கட்கிழமை. ராசிபுரத்திலிருந்து ஜாதகத்தோடு வந்த குடும்பம், “அக்கா இருக்காங்களா?” என்று கேட்டது. கம்ப்யூட்டர் முன்னால் ஜோதிக்கு நான் நாற்காலி எடுத்துப் போட்டேன்.